தட்டையாகத் தெரிந்த இடம்

எனக்குக் கண் தெரியாது. என் தோழிக்கும் தெரியாது. திருச்சியில் ஒரே பள்ளிக்கூட விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது நான் பெரம்பலூரில் குடியிருந்துகொண்டு, பஸ்ஸில் போய் அரியலூரில் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். அவள் திருமானூரில் தன் அம்மாவோடு இருக்கிறாள். அங்கேயே ஒரு வங்கியில் வேலை.

பாட்காஸ்ட் ஆரம்பிக்கலாம் என்றது அவள்தான். எப்படியும் தினமும் போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், அதையே ரெக்கார்ட் பண்ணிப் போட்டால் நம்மைப் போன்ற பெண்கள் நாலு பேர் கேட்பார்கள் என்றாள். கூட்டமான பஸ்ஸில் எப்படி ஏறுவது, ஜவுளிக்கடைக்காரர் சொல்லும் நிறத்தை எவ்வளவு நம்பலாம், எண்ணெய் காய்ந்துவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதெல்லாம்தான் எங்களிடம் இருந்த சரக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமானூருக்குப் போனேன். போனை நடுவில் வைத்துவிட்டுப் பேசினோம். பிறகு போட்டுக் கேட்டால் குக்கர் விசில், என் இருமல், தெருவில் போன கரும்பு டிராக்டர், இருவரும் ஒரே நேரத்தில் பேசி இரண்டுமே புரியாமல் போன இடங்கள் எல்லாம் அதில் இருந்தன. இவற்றை வெட்ட வேண்டும். அதற்கு ஒரு மென்பொருள் வேண்டும்.

எங்கள் பள்ளியின் கம்ப்யூட்டர் ஆசிரியரிடம் கேட்டேன். உதவி என்று யார் கேட்டாலும் மறுக்கத் தெரியாத மனிதர். என் லேப்டாப்பை வாங்கி, எல்லோரும் புகழ்கிற ஒன்றை ஏற்றிக் கொடுத்தார்.

"ரொம்ப ஈஸி டீச்சர். பேசற எடம் மேடு மேடா அலை மாதிரி தெரியும். பேசாத எடம் தட்டையா கோடு போட்ட மாதிரி இருக்கும். வேண்டாததை மவுஸால புடிச்சு வெட்டிட வேண்டியதுதான்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது போலும். "நான் ஒருத்தன், உங்ககிட்ட போயி..." என்று இழுத்தார்.

திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற குரல் ஒன்று என் லேப்டாப்பில் உண்டு. அதை வைத்துத்தான் நான் எல்லா வேலையும் செய்கிறேன். அந்தக் குரலைப் போட்டுப் பார்த்தேன். "பட்டன், பட்டன், பட்டன்" என்றது. எது என்ன பட்டன் என்று அதற்கும் தெரியவில்லை. சத்தம் சம்பந்தப்பட்ட வேலையாவது நமக்கு லகுவாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அதையும் படமாக வரைந்து வைத்துவிட்டார்கள்.

அடுத்து அவர் கண்டுபிடித்துச் சொன்னது ஓர் இணையதளம். நாம் பேசியதை அதுவே எழுத்தாக்கித் தரும். எழுத்தில் வேண்டாத சொல்லை அழித்தால் ஒலியிலும் அது போய்விடும். கேட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுத்தைத்தான் என் லேப்டாப் குரல் நன்றாகப் படிக்குமே. ஆனால் அது எழுதித் தந்த தமிழைக் கேட்டபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திருமானூரைத் 'திருமணம் ஊர்' என்று எழுதியிருந்தது. தோழி 'வூட்டுக்கு' என்று சொன்ன இடங்களில் எல்லாம் வேறு என்னவோ இருந்தது. ஒரு சொல்லை அழித்தேன். பக்கத்தில் இருந்த பாதிச் சொல்லும் சேர்ந்து போனது.

"ஏன்டி, ஒன்னுமே நமக்கு ஒத்துவராதா?" என்றாள் தோழி.

"தேடுறேன் இரு" என்றேன். எதைத் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நடுவில்தான் அம்மாவோடு பேசியதைப் பதிவு செய்தோம். தோழியின் அம்மாவை நானும் அம்மா என்றே கூப்பிடுவேன். அன்று வேலை எல்லாம் முடித்துவிட்டு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரிடம், தோழி விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். சின்ன வயதில் அவளை விடுதியில் சேர்த்த கதை. அம்மாவும் சகஜமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கையில் முறுக்கு வாங்கிக் கொடுத்ததையும், வார்டன் நல்ல மாதிரியாகப் பேசியதையும், தோழி அங்கிருந்த ஊஞ்சலை விட்டு இறங்க மாட்டேன் என்றதையும் சொன்னார்.

"என்னை விட்டுட்டு நீ எப்படிம்மா பஸ் ஏறுன?" என்று தோழி கேட்டாள்.

அம்மா பதில் சொல்லவில்லை. மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் கைவளையல் மெல்ல மேலே நகர்ந்து முகத்தருகே போய் நின்றது. மூக்கால் இழுக்க வேண்டிய மூச்சை வாயால் இழுத்து விட்டார். புடவைத் தலைப்பு உரசியது. தோழியின் கை என் முழங்கையைப் பற்றியது. நாங்கள் இருவரும் அசையவில்லை. வெகு நேரம் கழித்து, "ஏறித்தான் வந்தேன். வேற என்ன பண்றது" என்றார் அம்மா. உடனே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

இதைத்தான் முதலில் போட வேண்டும் என்று தோழி சொல்லிவிட்டாள். என்னால் இன்னும் ஓர் இருமலைக்கூட வெட்ட முடியவில்லை. நான் படும் பாட்டைப் பார்த்து, "குடுங்க டீச்சர், இந்த ஒரு தடவை நானே பண்ணித் தரேன்" என்றார் கம்ப்யூட்டர் ஆசிரியர். கொடுத்தேன். இரண்டு நாளில் முடித்து, நாங்கள் கேட்டுக்கொண்டபடி அவரே இணையத்தில் ஏற்றியும் விட்டார். அவசரத்தில் நானும் அதற்கு முன் கேட்கவில்லை.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு காதில் மாட்டிக் கேட்டேன். இருமல் இல்லை, குக்கர் இல்லை. எங்கள் குரல் வானொலிக் குரல் போல இருந்தது. "என்னை விட்டுட்டு நீ எப்படிம்மா பஸ் ஏறுன?" என்று தோழி கேட்கிறாள். கேட்ட வாய் மூடுவதற்குள், "ஏறித்தான் வந்தேன். வேற என்ன பண்றது" என்கிறார் அம்மா. யாரோ தொந்தரவு தாங்காமல் வள்ளென்று விழுகிற மாதிரி இருந்தது.

பள்ளியில் அவரிடம் கேட்டேன். "சார், அம்மா பதில் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் எடம் இருந்துச்சே?"

"அங்க ஒன்னும் இல்லீங்களே டீச்சர். தட்டையா இருந்துச்சு. நீளமா வேற இருந்துச்சு. கேக்கறவங்க ஓடலன்னு நெனைச்சுருவாங்கன்னு எடுத்துட்டேன்" என்றார். அவர் குரலில் அக்கறைதான் இருந்தது. எங்களுக்காக இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறார். நன்றி சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

தோழியும் அதைக் கேட்டுவிட்டுப் போன் செய்தாள். "எங்கம்மா அப்படிப் பேசலடி" என்றாள்.

அதன் பிறகுதான் வெறி பிடித்த மாதிரி தேடினேன். பார்வையற்றவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் கேட்டதற்கு, எந்த ஊர்க்காரரோ ஒருவர் இலவச மென்பொருள் ஒன்றைச் சொன்னார். மவுஸே வேண்டாம், எல்லாம் விசைப்பலகையில் நடக்கும் என்று குரல் பதிவுகளாக அனுப்பி விளக்கினார். விடுமுறையில் அதோடு மல்லாடினேன். ஒரு காதில் எங்கள் பேச்சு ஓடும். இன்னொரு காதில் திரை படிக்கும் குரல், நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இரண்டும் மோதும்போது தலை வலிக்கும். வெட்டியது சரியான இடம்தானா என்று அறிய, திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. அழித்துவிட்டேனா, தேர்ந்தெடுக்க மட்டும் செய்திருக்கிறேனா என்று புரியாமல் பல முறை முதலிலிருந்து தொடங்கினேன். ஆனாலும் என் இருமலை நானே வெட்டினேன். நல்லவேளையாக மூலப்பதிவு என் போனில் இருந்தது. அம்மாவின் மௌனத்தில் கை வைக்காமல், முழுதாக விட்டுப் பழையதற்குப் பதிலாக ஏற்றினேன்.

கேட்டவர்களில் ஒரு பெண், 'நடுவில் ஆடியோ கட் ஆகிறது, சரி பண்ணுங்க' என்று எழுதியிருந்தாள். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு திருமானூரில், சார் வெட்டிக் கொடுத்த கதையையும் சொல்லி, அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். ஊஞ்சல் கதை வந்தபோது சிரித்தார். தோழியின் கேள்வி வந்தது. மின்விசிறிச் சத்தம் ஓடியது. பதிவில் வளையல் நகர்ந்தது. அம்மா எட்டி போனை எடுத்து, நிறுத்தத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த எடத்த எடுத்துருக்கலாம்ல" என்றார்.

"அதுதாம்மா முக்கியம்" என்றாள் தோழி.

"நான் அழுவுறத ஊரு கேக்கணுமா?"

"நீ அழுவுறன்னு கேக்கறவங்களுக்குத் தெரியாதும்மா."

"உங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுருக்கே." அம்மாவின் குரல் இறங்கியது. "நான் சத்தமே போடலயேடி."

"அன்னைக்கே தெரியும்மா."

அம்மா போனை மெல்லக் கீழே வைத்தார். "உங்களுக்குத் தெரியாதுன்னுதான் அழுதேன்" என்றார்.

தோழி தன் அம்மா இருந்த பக்கம் கையை நீட்டினாள். அவர் நகர்ந்துவிட்டிருந்தார். எத்தனை வருடம், எத்தனை முறை இவர் எங்கள் எதிரிலேயே உட்கார்ந்து, நாங்கள் அறியவில்லை என்ற நிம்மதியில் அழுதிருப்பார் என்று நினைத்தேன். அந்த இடம் ஒன்றுதான் அவருக்கென்று இருந்திருக்கிறது.

"அந்த சாரு வெட்டிக் குடுத்தாரே, அதையே போடு பாப்பா" என்றார் அம்மா என்னிடம்.

"அதுல நீ என் மேல எரிஞ்சு விழற மாதிரி இருக்கும்மா" என்றாள் தோழி.

"இருந்துட்டுப் போவட்டும்."

"முடியாதும்மா."

மடியில் லேப்டாப்போடு நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஒருத்திக்கு அந்த மௌனம் வேண்டும். இன்னொருவருக்கு அது வேண்டாம். இருவர் சொல்வதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. கொஞ்சம் வைத்து, கொஞ்சம் வெட்டலாமா என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். எவ்வளவு கொஞ்சம் என்று யார் சொல்வது? அம்மா உள்ளே போய்ப் பாத்திரத்தை எடுத்து வைக்கும் ஓசை கேட்டது.

"ரெண்டும் வேணாம். எடுத்துடுடி" என்றாள் தோழி கடைசியில்.

அப்போதே அந்தப் பதிவையே இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன். அதற்கு மட்டும் ஒரே ஒரு விசை போதுமாக இருந்தது.

ஏன் எடுத்தீர்கள் என்று கம்ப்யூட்டர் ஆசிரியர் கேட்டார். நான் மழுப்புவதைப் பார்த்து, மென்பொருள்தான் காலை வாரிவிட்டது என்று முடிவு செய்துகொண்டார். "புதுசா ஒன்னு வந்துருக்கு டீச்சர், பாக்கலாமா?" என்றார். இருப்பதே நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

பாட்காஸ்ட் நடக்கிறது. பஸ்ஸைப் பற்றி, ஜவுளிக்கடையைப் பற்றிப் பேசுகிறோம். நான்தான் வெட்டுகிறேன். போனை நடுவில் வைத்ததும் அம்மா எழுந்துவிடுவார். "இரும்மா, உன்னை ஒன்னும் கேக்கல" என்பாள் தோழி.

"நீங்க பேசுங்க, எனக்கு வேலை கெடக்கு" என்று கொல்லைப்பக்கத்திலிருந்து குரல் வரும். அங்கே அவர் எதுவும் செய்கிற சத்தம் கேட்காது.