நூரிஸின் மிச்சக் காற்று

நூரிஸுக்கு நான் நாற்பத்தைந்தாயிரம் பேசோ கடன்பட்டிருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்று இந்தக் கடற்கரையில் இரண்டு படகுக்குச் சொந்தக்காரன். முதல் படகுக்கு சாந்தோ தொமிங்கோ போய் வாங்கிய மோட்டார் மட்டும் அவளுடைய சீட்டுப் பணம். மற்றதெல்லாம் என் சாமர்த்தியம்.

எங்கள் ஊரில் பன்னிரண்டு பேர் சேர்ந்து சீட்டுப் போடுவோம். அந்த மாதம் எடுக்கும் முறை அவளுடையது. வீட்டுக்குப் புதுத் தகரக் கூரை போடக் காத்திருந்தாள். என் பழைய மோட்டார் நடுக்கடலில் உயிரை விட்டதென்று கேள்விப்பட்டதும், "எடுத்துக்கய்யா. ஆனா அடுத்த மழைக்குள்ள என் கைக்கு வந்துடணும்" என்று கொடுத்தாள். இரண்டு மழைக்காலம் போயிற்று. அவள் கட்டிலுக்கு மேலே ஒழுகியது. நான் பேசியே சமாளித்தேன். பேச எனக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

கரும்புத் தோட்டக் குடியிருப்பில் பிறந்தவள் அவள். பதினாறு வயதில் இங்கே வந்து கடற்கரையில் ரொட்டி பொரித்து விற்றாள். பிறகு, கடலுக்கடியில் முக்குளிக்க வரும் விடுமுறைக்காரர்களின் ரப்பர் உடுப்புகளை அலசிக் காயப்போடும் வேலை. சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்புகிறவன் ஒரு திங்கட்கிழமை போதையில் கிடந்தபோது, பார்த்துப் பார்த்துக் கற்றதை வைத்து இவளே இயந்திரத்தை ஓட்டி இருபது சிலிண்டரை நிரப்பிவிட்டாள். இருபத்திரண்டு வருஷமாக அந்த வேலை அவளுடையது. நீந்தத் தெரியாது. தலையைக் கடலுக்குள் நுழைத்ததே இல்லை. ஆனால் திரும்பி வரும் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்து, அதைச் சுமந்த ஆளையே சொல்லிவிடுவாள்.

"இவன் பயந்தாங்கொள்ளி. மொத்தத்தையும் குடிச்சிட்டு வந்திருக்கான்."

"இந்தப் பொண்ணுக்குப் புருஷனோட சண்டை. நேத்தவிட இருபது கொறையுது."

நான் சிரிப்பேன்.

போன நவம்பரில் கனடாவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கணவன், மனைவி, மனைவியின் தாய் ஒடில். கிழவிக்கு எழுபது வயதிருக்கும், காய்ந்த மிளகாய் மாதிரி உடம்பு. ஏழு நாளும் என் படகில்தான். கடைசி நாள் கரையேறியதும் ஒன்பதாயிரம் வரும். பெட்டியில் முப்பத்தாறாயிரம் வைத்திருந்தேன். இதை நூரிஸிடம் உளறியது என் தப்பு. அந்தக் கடைசி நாள் காலை காற்று நிரப்பும் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன நூரிஸ், கடல் பாக்க ஆசையா?"

"உன் சட்டைப் பையப் பாக்க ஆசை. இன்னிக்கு அது என் கண்ணவிட்டு நகராது."

பழைய சரக்குக் கப்பல் ஒன்று மூழ்கிக் கிடக்கும் இடத்தில் மிதவையில் படகைக் கட்டினேன். வழிகாட்டி ரதமெஸோடு மூவரும் மிதவைக் கயிற்றைப் பிடித்துக் கீழே இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் நீரோட்டம் முறுக்கிக்கொண்டது. கயிறு விறைத்தது. என்னால் உட்கார முடியவில்லை. முன்னால் போனேன், பின்னால் வந்தேன். குமிழியை வைத்தே ஆளைத் தொடர்கிற கண் என்னுடையது. அன்று அலை நொறுங்கிய நுரையில் ஒன்றும் புரியவில்லை.

"ஒரு எடத்துல உக்காருய்யா. படகு ஆடுது, வயித்தப் பொரட்டுது" என்றாள்.

நாற்பதாவது நிமிடம் மூன்று தலைகள் மேலே வந்தன. ஒடில் இல்லை.

ரதமெஸ் படகின் விளிம்பைப் பற்றினான். "அவங்க ஏறலயா தலைவரே? கப்பலுக்குப் பின்னால பிரிஞ்சாங்க. மேல வந்திருப்பாங்கன்னு நெனச்சேன். திரும்ப எறங்க என்கிட்ட காத்து இல்ல. இழுத்துட்டுப் போயிருக்கும், மோட்டாரப் போடுங்க!"

மகள் கடலைப் பார்த்து அம்மாவைக் கூவினாள். நான் மோட்டார்க் கயிற்றைப் பிடித்துவிட்டேன்.

"கைய எடு" என்றாள் நூரிஸ்.

"ஒரு உயிர் போகுதடி!"

"போகல. இவங்க காத்து தீந்து வந்தாங்க. அந்தம்மாவுக்குத் தீரல. ஆறு நாளா அவங்க சிலிண்டர் பாதி நெறஞ்சுதான் என்கிட்ட வருது. குருவி மாதிரி மூச்சு விடுறவங்க. கயித்தப் புடிச்சு மெதுவா வருவாங்க. நீ மோட்டார் விசிறியச் சுத்தினா அவங்க தலையிலதான் சுத்துவே."

"நீ சொல்றது தப்பாப் போனா?"

"ரெண்டு பேரும் ஜெயில்ல சீட்டுப் போடலாம். எடுய்யா கைய!"

நாற்பது வருஷத்தில் கடலில் எனக்கு உத்தரவு போட்ட ஆள் கிடையாது. ஒவ்வொரு நிமிடமும் அந்த நீரோட்டம் ஒரு மனுஷியை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் கையை எடுத்தேன். மருமகன் தன் பாஷையில் திட்டினான். நூரிஸ் குப்புறப் படுத்துத் தண்ணீரையே பார்த்தாள். ஐந்து நிமிடம். எட்டு. பதினொன்று.

படகின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடிக் குமிழி ஓடியது. கயிற்றை விட்டவளை நீரோட்டம் பின்பக்கம் தள்ளிக்கொண்டு வர, மோட்டார் விசிறிக்கு ஒரு சாண் தள்ளி ஒடிலின் தலை எழும்பியது.

"ஒரு ஆமை தூங்கிட்டிருந்துச்சு" என்றாள் ஒடில். "எழுப்ப மனசு வரல."

மகள் அழுதாள். நூரிஸ் சிலிண்டரைத் தூக்கி முள்ளைப் பார்த்தாள். "இருநூறுல இன்னும் எம்பது இருக்கு" என்றாள் என்னிடம்.

நான் ஊரில் எதையும் பெருமையடிப்பவன். அந்தப் பதினொரு நிமிடத்தை மட்டும் என் கணக்கில் சேர்த்ததில்லை.

கரையில் அவர்கள் ஒன்பதாயிரத்தைக் கொடுத்ததும் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். நூரிஸ் வாசலிலேயே கையை நீட்டினாள்.

"எண்ணிப் போடு. சத்தமா."

எண்ணினேன். நாற்பத்தைந்தாவது ஆயிரம் விழுந்த பிறகும் அவள் கை மடங்கவில்லை.

"இன்னும் என்ன?"

"கொட்டகையப் பூட்டிட்டு வந்தேனே, இன்னிக்கு என் கூலி?"

ஐந்நூறு தாள் ஒன்றை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தேன்.