பதினைந்தில் நான்கு

புகைப்படம் சேகரிக்கிறேன் என்று சொன்னால் குன்னூரில் யாரும் மதிப்பதில்லை. "செல்போன்லயே எடுத்துக்கலாமுங்களே டீச்சர்" என்பார்கள். எடுத்தவர் தானே நல்ல பருத்தித் தாளில் அச்சிட்டு, இத்தனை பிரதிகள்தான் என்று வரையறுத்து, பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்திடும் படங்கள் அவை என்று விளக்குவேன். அதற்குள் அவர்களுக்குப் பஸ் வந்துவிடும்.

என்னிடம் ஏழு படங்கள் இருக்கின்றன. அவற்றில் என் மூத்த பிள்ளை மாதிரி ஒன்று, நான்கு வருஷம் முன் ஊட்டிக் கண்காட்சியில் நான் வாங்கிய கறுப்பு வெள்ளைப் படம். தேயிலைத் தோட்டம், மூடுபனி, நடுவே சில்வர் ஓக் மரங்கள். எடுத்தவர் இப்போது உயிரோடு இல்லை, இனி ஒரு பிரதி வராது. கீழ் மூலையில் அவருடைய கையெழுத்து, பக்கத்தில் 4/15. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அந்த மூலையைத்தான் காட்டுவேன். உலகத்திலேயே பதினைந்து, அதில் நான்காவது இங்கே என்பேன். அப்போது குரல் தானாகக் கொஞ்சம் உயரும், நான் என்ன செய்ய?

என் பிரசங்கம் தொடங்கியதும் காபி போட எழுந்து போகிறவர் என் கணவர். முடிந்த பிறகுதான் டம்ளரோடு வருவார். தொழிற்சாலையில் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சோதித்த பொருளில் பென்சில் குறி இருந்தால் அழித்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவாராம். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார், அந்தப் பழக்கத்திலிருந்து இல்லை. கேஸ் மாற்றிய தேதியை நான் சமையலறைச் சுவரில் குறித்தால் மறுநாள் இருக்காது.

போன ஆடி மழையில் செருப்பு முதல் பெல்ட் வரை வீட்டில் எல்லாமே பூசணம் பிடித்தது. நான் பள்ளிக்கூடம் போயிருந்தபோது, மனிதர் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, துணியால் ஒற்றித் துடைத்து, திரும்ப மாட்டியிருக்கிறார். மாலையில் வந்து பார்த்தேன். மரங்கள் இருந்தன. மூலை வெறுமையாக இருந்தது.

"ஏனுங்க, இங்க எழுதியிருந்தது எங்கீங்க?"

"பிரேம் போடறவன் ஏதோ அளவு கிறுக்கி வெச்சிருந்தான் அம்மிணி. ரப்பர் போட்டு அழிச்சுட்டேன். தாள்ல ஒரு பிசிறு இல்ல பாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று முப்பது வருஷத்தில் முதல்முறையாக அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். சொன்னதோடு நிறுத்தவும் இல்லை.

"இந்தப் படம் என்னன்னாவது உங்களுக்குத் தெரியுங்களா? மனுச வாடையே இல்லாத இடம். அந்தத் தனிமையத்தான் அவர் எடுத்திருக்காரு."

அவர் படத்தின் அருகே வந்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஆளில்லைங்கறே? மூணாவது மரத்தடியில ஒரு அம்மா உக்காந்து சோறு திங்கறாங்களே. அழிக்கறப்பப் பார்த்தேன். பாவம், ஒத்தையில உக்காந்திருக்காங்க."

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். பனிக்குள் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது. இருந்தார். தலையில் முக்காடு, மடியில் சோற்றுத் தூக்குப்போசி, வாய்க்குப் பக்கத்தில் கை.

எடுத்தவருடைய கையெழுத்து போய்விட்டதே என்று அழுதேன். அவர் எதை எடுத்தார் என்று நான்கு வருஷமாக நான் பார்க்கவே இல்லை.