காலி கேரியரிடம் பேசியவர்

இன்று உடன்குடி டீக்கடையில் ஓர் இளம் ஜோடி. ஆளுக்கொரு சைக்கிள். தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரிக்கு ஊர் ஊராகத் தங்கிப் போகிறார்களாம்.

“நானும் எங்க வீட்டுக்காரரும் இதே மாதிரி போனோம். எழுபத்தஞ்சுல, ஒரே சைக்கிள்ல,” என்றேன்.

“ஒரே சைக்கிள்லயா ஆன்ட்டி?” என்றாள் அந்தப் பெண். சொன்னேன்.

அப்போது இங்கே செம்மணலில் சக்கரம் புதையும். நான் கேரியரிலிருந்து இறங்க, அவர் தள்ளுவார். இறுகிய தரை வந்ததும் அவர் மிதிக்க, நான் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்வேன்.

ஒருமுறை சேலை முள்ளில் மாட்டி நின்றுவிட்டேன். மனுஷன் என்னிடம் பேசிக்கொண்டே பனைகளுக்குள் மறைந்துவிட்டார்!

வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து என்னையே திட்டினார்.

“ஏளா, ஏறலைன்னு ஒரு சத்தம் குடுக்கக்கூடாதா?”

“இவ்வளவு நேரமா நான் பதிலே சொல்லலியே, தெரியலியா?”

“நீ என்னைக்குப் பதில் சொல்லிருக்க? ‘ம்’ தான கொட்டுவ!”

ஜோடி சிரித்துக்கொண்டே கிளம்பியது. நான் பஸ் பிடித்து வீடு வந்தேன்.

இப்போது அவர் இல்லை. நாள் முழுக்க நான்தான் அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படித்தவர்கள், கீழே ஒரு ‘ம்’ போட்டுவிட்டுப் போங்கள்.