மலையில் லிஃப்ட் இல்லை

ஒரே நாளில் மூன்று மலை. விடியும்போது முதல் மலையில் ஏறத் தொடங்கி, இருட்டுவதற்குள் மூன்றாவதிலிருந்து இறங்கிவிட வேண்டும். வேலூர்ப் பக்கம் நடந்த அந்தச் சவாலுக்கு எங்கள் அம்பத்தூர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் பெயர் கொடுத்தோம். நானும் என் மேனேஜரும். நான் முடிப்பேன், அவர் முடிக்க மாட்டார். வெளியே சொல்லவில்லை, ஆனால் அதற்காகத்தான் பெயர் கொடுத்தேன்.

அவரை எனக்குப் பிடிக்காது. காரணங்களை வரிசையாகவே சொல்ல முடியும். மீட்டிங் தொடங்கும்முன் முந்தைய இரவு எப்படித் தூங்கினார் என்று அறிவிப்பார். வெந்நீர் குடிப்பதற்குக்கூட விளக்கம் வைத்திருப்பார். பெயர் கொடுத்த மறுநாளே இரண்டு ஊன்றுகோல், முழங்கால் பட்டை, தொப்பி என்று ஒரு கடையையே உடம்பில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

நாங்கள் இருவரும் குடியிருக்கும் திருமுல்லைவாயிலில் மலை கிடையாது. எனவே அவர் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் பயிற்சி செய்தார். காலைக் கூட்டத்துக்கு நடுவே ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, திரும்பவும் ஏறி. "அண்ணாத்தே, கம்பு ஊனிகினு எங்க கெளம்பிட்ட? வண்டி இந்தாண்ட வருது" என்று ஒருவன் கத்தியது பிளாட்பாரத்தில் நின்ற எனக்கே கேட்டது. அவர் கையசைத்துச் சிரித்தார். பாராட்டு என்று நினைத்திருப்பார்.

என் முறை சுத்தமானது. எங்கள் அலுவலகக் கட்டடம் ஒன்பது மாடி. உச்சிவரை படியேறுவேன், லிஃப்டில் கீழே வருவேன், மறுபடி ஏறுவேன். இறங்கும் நேரம் மிச்சம். தேதி, சுற்று, உயரம் என்று தினமும் ஷீட்டில் ஏற்றி, அவர் கண்ணில் படட்டும் என்றே அவருக்கும் பகிர்ந்தேன்.

படி துடைக்கும் அக்கா ஒருநாள் மாப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, அந்த மலைலயும் எறங்கறதுக்கு லிஃப்ட் கீதா?"

இவருக்கு என்ன தெரியும் என்று இயர்போனைச் செருகிக்கொண்டேன்.

சவால் நாளன்று முதல் இரண்டு மலையிலும் அவருக்கு முன்னால் உச்சியைத் தொட்டது நான்தான். இறங்கும்போது அவருடைய கோல்கள் டக் டக்கென்று என்னைத் தாண்டிப் போயின. இரண்டாவது இறக்கத்தின் பாதியில் தொடை நடுங்க ஆரம்பித்தது. மிச்சத்தைப் பாறை பாறையாக உட்கார்ந்து, கையை ஊன்றி நகர்ந்து முடித்தேன். அடிவாரத்தில் முழங்கால் மடங்க மறுத்தது.

அவர் எனக்காகக் காத்திருந்தார். அது இன்னும் எரிச்சல். உப்புக்கரைசல் பாட்டிலை நீட்டிவிட்டுக் கேட்டார்: "உங்க ஷீட்ல ஏறினது மட்டும்தானே இருந்துச்சு. இறங்கினதை வேற ஷீட்ல வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்."

அவர் மூன்றாவது மலைக்குப் போனார். நான் வேனில் உட்கார்ந்தேன். சாயங்காலம் பதக்கத்தோடு இறங்கி வந்தார். மூன்று வாரமாக அந்தப் பதக்கம் வீடியோ மீட்டிங்கில் அவர் தலைக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரிகிற மாதிரி தொங்குகிறது. அவரைப் பற்றிய என் கருத்து மாறவில்லை.

அடுத்த சவாலுக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். நேற்று ஒன்பதாவது மாடியை எட்டியபோது லிஃப்ட் திறந்து நின்றது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினேன். ஐந்தாவது மாடியில் அக்கா தலை நிமிராமல் சொன்னார்:

"ஓரமா போம்மா, ஈரம்."