சல்லடையில் சாமந்தி

கிளட்ச் மிதி இல்லாத காரை நான் முதன்முதலில் தொட்டது குடிபாலா பண்ணைக்காரரின் வண்டியில்தான். எந்த ஊர் மெட்ராஸுக்குப் போகும், எது ஆந்திராவில் நிற்கும் என்று சித்தூரே அடித்துக்கொண்டிருந்த நேரம். அந்த அமெரிக்க வண்டியை அவர் தன் நாட்டுக்கே திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கியிருந்தார். அவர் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். முதல் பிள்ளை வீட்டிலேயே தவறிப்போனதாம். இந்தமுறை வலி கண்டதும் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இந்த வண்டியைத்தான் நம்பியிருந்தார். ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று எங்கள் ரிப்பேர் ஷெட்டில் விட்டார்.

கியர்பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினேன். கருகிய எண்ணெய் முழங்கைவரை வழிந்தது. உள்ளே எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை. அது அடைத்தால் எண்ணெய் ஏறாது, எண்ணெய் ஏறாவிட்டால் வண்டி நகராது. மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்தால் நூல் ஒட்டும் என்று வெயிலில் காயவைத்தேன்.

எங்கள் முதலாளிக்கு ஒரு பழக்கம். எந்தக் கியர்பெட்டியைத் திறந்தாலும், மூடுமுன் சாமி பூவை உள்ளே போடுவார். லாரியில் போட்டால் பல்சக்கரம் அரைத்துத் தள்ளிவிடும், ஒன்றும் ஆகாது. அன்று பண்ணைக்காரர் திருச்சானூர் அம்மன் கோயிலில் மகள் பேருக்கு அர்ச்சனை செய்த சாமந்தியைப் பொட்டலமாகவே கொண்டுவந்து நீட்டினார்.

"வேணாம் மொதலாளி, இதுல ஜல்லடை கீது. அடைச்சிக்கும்" என்றேன்.

"அம்மவாரு பூ அடைக்குமாடா? நோரு முய்யி" என்று முதலாளி தெலுங்கில் என் வாயை மூடச் சொன்னார்.

பண்ணைக்காரரும் தலையாட்டினார். முதலாளி அடித்தட்டில் பூவைப் பரப்பி, தன் கையாலேயே போல்ட்டை முடுக்கினார்.

வலி கண்ட அன்று குடிபாலா தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. இஞ்சின் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை. மாட்டுவண்டி பிடித்து வேலூர் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை வயிற்றிலேயே செத்துவிட்டது.

காரை மாடு கட்டி ஷெட்டுக்கு இழுத்துவந்தார்கள். வாசலிலேயே முதலாளி என்னைக் கைகாட்டினார், இவன்தான் கழற்றினவன் என்று. பண்ணைக்காரர் செருப்பால் அடித்தார். உதடு கிழிந்தது. பூவைப் போட்டது யார் என்று இரண்டு பாவிகளுக்கும் தெரியும். வண்டிக்கு அடியில் படுத்துத் தட்டைக் கழற்றினேன். சல்லடைக் கண்ணெல்லாம் சாமந்தி இதழ் ஊறி அப்பிக்கிடந்தது. அதை அப்படியே கொண்டுவந்து பண்ணைக்காரர் உள்ளங்கையில் வைத்தேன்.

"நீங்க கொண்டாந்த பூதான். நல்லா பாத்துக்கோங்க" என்றேன். பிள்ளையைப் பறிகொடுத்த வீடு என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன்.

அவர் ஓர் இதழை நகத்தால் பிய்த்தெடுத்தார். கீழே எறியப்போகிறார் என்றுதான் நினைத்தேன். எண்ணெயோடு அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, மடியில் முடிந்துகொண்டார். பிறகு மறுபடியும் செருப்பைக் கழற்றினார்.