பார்க்கலாம் என்றாள்

மூக்குக்கண்ணாடி ஒன்றை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஹா என்று ஊதி, மெல்லிய துணியால் வட்டமாகத் துடைத்தபடி யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறாள் கண்ணாடிக்காரம்மா. கடையில் ஓர் ஈ காக்கை கிடையாது. பேச்சு, முந்தின நாள் டிவியில் பார்த்த நாடகத்தின் கதாநாயகியோடு. "தெரிஞ்சும் ஏன்டி அங்க போய் நின்ன?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவள்போல் கண்ணாடியை அப்படியே பிடித்திருக்கிறாள். அந்நேரம் பார்த்து வாசலில் வந்து நின்ற மனிதர் தன்னைத்தான் கேட்கிறாள் என்று எண்ணி, "பஸ்ஸு லேட்டும்மா" என்று சமாதானம் சொல்கிறார்.

இதற்கெல்லாம் வெட்கப்படுகிற ஆள் இல்லை அவள். வந்தவரை உட்காரவைத்து, கண்ணாடியின் காதுக்கம்பியைச் சூடு காட்டி வளைத்து, மாட்டிவிட்டு, இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். "ரெண்டு காதும் ஒரே உசரத்துல இருக்குற மனுஷன இன்னும் ஆண்டவன் படைக்கல" என்று ஒரு குட்டு வைத்துவிட்டு மறுபடி கழற்றுவாள். பிற்பகலில் வெயில் சாய்ந்து உள்ளே வந்து, அடுக்கிவைத்த கண்ணாடிகளின் வழியே புகுந்து, தரையெல்லாம் வெளிச்சத் துண்டுகளாய் நெளியும். அப்போது அவளைக் கூப்பிட்டால் சட்டென்று திரும்பமாட்டாள். பாதி ஆள் நாடகத்துக்குள் இருக்கும்.

எல்லா நாடகமும் இல்லை. ஒரே ஓர் எழுத்தாளர் எழுதுகிற நாடகம்தான். அந்த அம்மாளின் முகத்தைக்கூட இவள் பார்த்ததில்லை; ஆனால் உறவுக்காரர்போல 'நம்மாளு' என்றுதான் சொல்வாள். கல்யாணமான புதிதில் "நம்மாளுக்கு இருக்கிற அறிவே அறிவு" என்று அவள் சொன்னதைக் கேட்டு, வீட்டுக்காரர் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார், பாவம்.

"அவங்க கதைல அழப்போறவ கொடில துணியெடுக்கப் போயிடுவா. அழுகையெல்லாம் இங்க உட்கார்ந்திருக்கிற நாமதான் அழணும்." அவள் சொல்கிற விமரிசனம் இவ்வளவுதான்.

அப்படிப்பட்ட நம்மாளு பல வருஷம் எழுதாமல் இருந்துவிட்டு, இப்போது புதிதாக ஒரு நாடகம் எழுதியிருக்கிறார். முதல் நாள் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு நடந்தாள் கண்ணாடிக்காரம்மா. தெருவில் ஜன்னலுக்கு ஜன்னல் நீல வெளிச்சம், எல்லா வீட்டிலும் அதே பாட்டு. தரையில் கால் பாவாமல் வீடு வந்து சேர்ந்தாள்.

திரையில் மலைமேல் ஒரு பழைய விடுதி. பனி. நீளமான நடை, இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள். அதை நடத்துகிறவளின் கணவன் முதல் வாரத்திலேயே இறந்துபோகிறான். அந்த நடையில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் இவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் கதாநாயகி வாயைத் திறந்தாளோ இல்லையோ, எல்லாம் சப்பென்று போயிற்று. ஜன்னலருகே நின்று, "எனக்கு இனிமே யாருமில்ல" என்கிறாள். பின்னால் வயலின் வேறு. நம்மாளா இப்படி எழுதினார்? மனசு ஆறவில்லை. ஆனாலும் அன்று கனவில் அவள் அந்த நடையில்தான் நடந்துகொண்டிருந்தாள். எந்தக் கதவையும் திறக்கத் தோன்றவில்லை, நடந்தாலே போதும்போல் இருந்தது.

புதுக் கண்ணாடி போட்டால் முதலில் தரை மேடாகத்தான் தெரியும், நாலு நாள் போனால் பழகிவிடும் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வதைத் தனக்கும் சொல்லிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா கேட்டாள். வேறு ஊரில் இருக்கிற, இவளோடு கூடப்பிறந்த அக்கா. முன்பெல்லாம் நம்மாளின் நாடகம் முடிந்த கையோடு இரண்டு பேரும் போனில் காது சுடச்சுடச் சண்டை போடுவார்கள். போன வருஷம் அத்தான் தவறிப்போனபின் மற்றப் பேச்சும் நின்றது. அக்கா டிவியைத் தொடுவதில்லை. போன் செய்தால், "ம்", "ஆச்சு", "வெச்சிடவா" என்கிற மூன்றுதான் வரும். அந்த அக்கா தானாகவே, "நம்மாளு ஏதோ புதுசா எழுதியிருக்காங்களாமே, எப்படி?" என்றாள்.

நல்லாயிருக்கு என்று சொல்லவும் வாய் வரவில்லை, நல்லாயில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. "பார்க்கலாம்க்கா" என்றாள் கண்ணாடிக்காரம்மா.

கொஞ்ச நாள் போகட்டும், பார்க்கலாம் என்பது இவள் கணக்கு. பார்க்கலாம், பார்க்கிற மாதிரிதான் இருக்கிறது என்பது அக்கா எடுத்துக்கொண்டது. மறுநாள், "நீ பார்க்கலாம்னு சொன்னியேன்னு டிவியப் போட்டேன். புருஷன் செத்த கதையா?" என்று கேட்டுவிட்டு அக்கா வைத்துவிட்டாள்.

கண்ணாடிக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அதன்பிறகு எப்போது கூப்பிட்டாலும் அக்கா எடுக்கவில்லை.

"கதைதானே, விடு" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்குக் கதை. அவளுக்கு அது கதையா? வந்துட்டிருந்த ஒரு வார்த்தையையும் நானே அடைச்சிட்டேன்." கடையில் அன்று ஒருவர் கண்ணாடியை இன்னொருவருக்கு மாட்டிவிட்டு, அவர் கதவில் முட்டிக்கொண்ட பிறகுதான் கவனித்தாள்.

அன்று சாயங்காலம் நாடகத்தில் கதாநாயகி தனியாக அறைக்குள் போனாள். வயலின் இல்லை. கட்டிலில் இரண்டு தலையணை. உறைகளை மாற்ற வந்தவள் ஒன்றுக்கு மாற்றினாள். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்காரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தாள். இதோ வந்துவிட்டார் நம்மாளு. இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தான்.

போன் அடித்தது. அக்கா.

"என்னடி எழுதியிருக்காங்க உன் ஆளு? பொறுக்க முடியாம இப்பத்தான் டிவிய நிறுத்தினேன். புருஷன் போன ஒருத்தி இப்படியா வளவளன்னு பேசுவா? யாருக்குடி வாயில வார்த்தை வரும்?"

"இல்லக்கா, இப்ப ஒரு சீன்..."

"நீ சும்மா இரு. எனக்குத் தெரியாதா? அன்னிக்கு எல்லாரும் கிளம்பிப் போனப்புறம் நான் என்ன பண்ணேன்னு நினைக்கிற? அழவே இல்ல. பீரோவத் திறந்து அவரு சட்டையெல்லாம் எடுத்து, லூசாயிருந்த பொத்தானையெல்லாம் இறுக்கித் தச்சிட்டு உட்கார்ந்திருந்தேன். யாரு போடப்போறான்னு தச்சேன்? உன்கிட்டகூட இதச் சொன்னதில்ல."

திரையில் அவள் இன்னும் தலையணையோடுதான் நின்றாள். அடுத்து என்ன செய்வாள் என்று பார்க்கக் கண்ணாடிக்காரம்மாவின் கண் துடித்தது.

"எந்தச் சட்டைக்கா மொதல்ல எடுத்த?" என்று கேட்டபடியே ரிமோட்டைத் தேடி எடுத்து, டிவியை அணைத்தாள்.