ரோஸ் மயிலும் மோகனப்பிரியாவும்

மோகனப்பிரியாவைப் பற்றி யாராவது எழுதத்தான் வேண்டும். வேறு யாரும் எழுதுகிற மாதிரி தெரியவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். நான் செல்வநாயகி, விருத்தாசலத்தில் சின்னதாகப் பீங்கான் பொம்மைப் பட்டறை நடத்துகிறவள். அவள் என் பட்டறையில் வர்ணம் பூசும் வீரம்மாளின் மகள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தாள். வாய் கொஞ்சம் நீளம்.

2006-ல் ஒருநாள், "அக்கா, ஒங்க பட்டறைக்கு ஒரு வெப்சைட்டு போட்டுத் தரேன்" என்று ஆரம்பித்தாள். வேண்டாமென்றால் விடுகிற ஆளா? இரவல் கேமராவோடு வந்து, பலகையில் அடுக்கியிருந்த பொம்மைகளைப் படமெடுத்துத் தள்ளினாள். முதலில் பக்கம் முழுக்கப் பின்னணியில் படங்களை ஓடவிட்டாள். வெள்ளைப் பொம்மை வரும்போதெல்லாம் வெள்ளை எழுத்தைக் காணோம்.

"பொம்மை தெரிஞ்சா போன் நம்பர் தெரியலியேடி. வாங்குறவன் நம்மள எங்க போயித் தேடுவான்?" என்று கத்தினேன்.

அவள் அசரவில்லை. மேலே ஒரு பெட்டியை ஒதுக்கி, அதற்குள் மட்டும் படம் மாறும்படி ஜாவாஸ்கிரிப்டில் எழுதினாள். கீழே எழுத்தும் நம்பரும் அசையாமல் நின்றன.

அந்த நம்பருக்குத்தான் கமாலுதீன் பாய் கூப்பிட்டார். மங்கலம்பேட்டைக்காரர், ஷார்ஜாவில் கூட்டாளியோடு பரிசுப்பொருள் கடை வைத்திருந்தவர். முதல் படத்திலிருந்த மயில் மட்டும் ஒரு சூளை நிறைய வேண்டுமென்றார். அவ்வளவு பெரிய ஆர்டர் அதுவரை வந்ததில்லை. கையிலிருந்த மண், சாயம் எல்லாவற்றையும் அதிலேயே போட்டுவிட்டேன். லீவில் ஊருக்கு வந்த பாய் சரக்கைப் பார்க்க நேரே பட்டறைக்கே வந்தார்.

"ரோஸ் மயில் எங்கம்மா?"

"மயில் எந்த ஊர்ல பாய் ரோஸா இருக்குது?"

"ஒங்க வெப்சைட்டுலதான்."

சிரித்துக்கொண்டே அவரோடு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். படத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ரோஸ் மயில்தான். எங்கள் நீலச் சாயம் சூளையில் வேகும்வரை வெளிறிய ரோஸாகத்தான் இருக்கும், வெந்தால்தான் நீலம். மோகனப்பிரியா படமெடுத்தது சூளைக்குப் போகாத பொம்மைகளை. அந்தப் படத்தை நானும் பார்த்தேன், வீரம்மாளும் பார்த்தாள். அந்தச் சாயத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய எங்கள் எல்லார் கண்ணுக்கும் அது நீலமாகவே தெரிந்திருக்கிறது. இந்தக் கூத்து எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களுக்குத்தான் நடக்கும்.

"கூட்டாளி அந்தக் கலரப் பாத்துத்தான் கேட்டாரு. நீலம் வேணாம்மா" என்று பாய் எழுந்தார். அவர் மேல் கோபப்பட நியாயமில்லை. அடுத்த சூளைக்கு என்னிடம் எதுவும் மிச்சமில்லை. பட்டறைப் பெண்களை நாளையிலிருந்து வரவேண்டாமென்று சொல்ல வேண்டியதுதான். வீரம்மாளும் அவர்களில் ஒருத்தி. அது பக்கத்தில் நின்ற மோகனப்பிரியாவுக்கும் புரிந்தது.

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க பாய்" என்றாள்.

பட்டறைக்கு ஓடினாள். வெந்த நீல மயிலை அதே பலகையில் அதே இடத்தில் வைத்துப் படமெடுத்தாள். பெட்டியிலிருந்த மற்ற படங்களை எடுத்துவிட்டு இந்த இரண்டை மட்டும் வைத்தாள். நெட் மெதுவாக இருந்ததால் நடுவில் பெட்டி காலியாகத் தெரிந்தது. இரண்டு படமும் முழுசாக வந்தபிறகே ஓடும்படி மாற்றினாள். அவள் முகத்தில் ஒரு சலனமுமில்லை.

பாய் வந்து உட்கார்ந்தார். ரோஸ் மயில் நின்றது. கண்ணெதிரே அதே மயில் நீலமானது. கீழே, 'சூளைக்கு முன், சூளைக்குப் பின்' என்று மட்டும் இருந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு ஷார்ஜாவுக்குப் போன் போட்டார்.

"பக்கத்தத் தொறந்து பாரு. இப்ப ரோஸா? கொஞ்சம் பொறு... இப்ப?"

அந்தப் பக்கம் கூட்டாளி சிரிப்பது எனக்கே கேட்டது.

"கடையில கம்ப்யூட்டர வச்சு இதயே ஓடவிடப் போறாராம்" என்றார் பாய். "நீலத்தயே கட்டுங்கம்மா."

மோகனப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "வேல போக இருந்ததப் பத்தி அம்மாகிட்ட எதயும் சொல்லாதீங்க அக்கா" என்றாள். நானும் சொல்லவில்லை. அவளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை வீரம்மாள் பத்து நிமிஷம் தாமதமாக வந்தாள். "பஸ்ஸு வரலீங்க, கோச்சுக்காதீங்க" என்றாள்.

"வந்தியே, அது போதும்" என்றேன்.